3டி போட்டோ நம் வீட்டுக்கு வருமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தியேட்டரில் கண்ணாடி போட்டுக்கொண்டு 3டி சினிமா பார்க்கிறோம். அதே போல நம் வீட்டுப் படங்களையும் எடுத்து கம்ப்யூட்டரில் பார்க்க முடியாதா? எல்லோருக்கும் எப்போது அது வரும்?" படித்துப் பதில் சொல்வதைவிடச் செய்து பார்த்துச் சொல்லலாம் என்று, பொங்கலுக்குச் சொந்த ஊரான பூம்புகார் பக்கம் போனபோது ஒரு 3டி கேமராவைக் கையோடு எடுத்துச் சென்றேன்.

அது ஃப்யூஜிஃபிலிம் நிறுவனம் 2010ல் வெளியிட்ட ஃபைன்பிக்ஸ் ரியல் 3டி டபிள்யூ3 என்ற கேமரா. இப்போது புதிதாகக் கிடைப்பதில்லை. ஒருவர் பயன்படுத்தியதை வாங்கினேன். முன்புறம் ஏழரை சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு லென்ஸ்கள் இருக்கும். பட்டனை ஒரு முறை அழுத்தினால் இரண்டு படங்களும் ஒரே நேரத்தில் பதிவாகும். பின்புறத் திரையில் கண்ணாடி இல்லாமலே படத்தில் ஆழம் தெரியும்.

கடற்கரைக்குப் போய் முதல் படம் எடுத்தேன். அலை, அதற்கப்பால் மீன்பிடிப் படகுகள், அடிவானம். திரையில் பார்த்தால் சுவரில் மாட்டிய காலண்டர் படம் போலத் தட்டையாக இருந்தது. அடுத்து, சுண்டல் பொட்டலத்தை நீட்டிக் கொண்டிருந்த அண்ணன் மகனை எடுத்தேன். பொட்டலம் திரையை விட்டு வெளியே வந்து நின்றது!

ஏன் இந்த வித்தியாசம்? நம் இரண்டு கண்களுக்கும் இடையே சுமார் ஆறரை சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ஆகவே ஒரே பொருளை இரண்டு கண்களும் சற்று வேறுபட்ட கோணத்தில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டிலிருந்துதான் மூளை தூரத்தைக் கணிக்கிறது. கட்டைவிரலை முகத்துக்கு முன் நீட்டி, ஒரு கண்ணை மாற்றி ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். விரல் இடமும் வலமும் தாவும். தூரத்துத் தென்னை மரத்தை அப்படிப் பார்த்தால் அசையாது. கேமராவின் கதையும் இதுதான். சில மீட்டருக்குள் இருப்பது எழுந்து நிற்கும், கடல் தட்டையாகவே இருக்கும்.

சாதாரண கேமராவே போதும்

இதில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. இரண்டு லென்ஸ் கேமரா இல்லாமலே 3டி படம் எடுக்கலாம். உங்கள் செல்போனில் ஒரு படம் எடுத்து, அப்படியே பக்கவாட்டில் நகர்ந்து இன்னொரு படம் எடுத்தால் போதும். எவ்வளவு நகர்வது? படத்தில் மிக அருகில் உள்ள பொருளின் தூரத்தில் முப்பதில் ஒரு பங்கு என்பது வழக்கில் உள்ள கணக்கு. பூம்புகாரில் உள்ள ஏழு நிலைச் சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை (1973ல் கட்டியது) சுமார் 60 மீட்டர் தள்ளி நின்று எடுத்தேன். முப்பதில் ஒரு பங்கு 2 மீட்டர். ஒரு படம் எடுத்து, வலப்பக்கம் மூன்று எட்டு வைத்து மறு படம் எடுத்தேன். கோபுரம் போன்ற அந்தக் கட்டடம் நிலை நிலையாகப் பிரிந்து தெரிந்தது. அந்தத் தூரத்தில் என் இரண்டு லென்ஸ் கேமரா ஒன்றும் செய்ய முடியாமல் நின்றது.

இந்த முறை அசையாத பொருளுக்குத்தான் சரிப்படும். இரண்டு படங்களுக்கு நடுவே அலை நகர்ந்துவிடும், ஆட்கள் நடந்துவிடுவார்கள்.

எடுத்த இரண்டு படங்களையும் சேர்க்க ஸ்டீரியோ போட்டோ மேக்கர் என்ற சாஃப்ட்வேர் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸில் இயங்கும். அதில் இடது படத்தையும் வலது படத்தையும் திறந்து, ஆட்டோ அலைன்மென்ட் கொடுத்தால் மேலே கீழே விலகி இருப்பதைச் சரி செய்து கொள்ளும். பிறகு அனாகிளிஃப் என்பதைத் தேர்ந்தெடுத்தால் சிவப்பும் நீலப்பச்சையும் கலந்த ஒரே படமாக்கித் தரும். சிவப்பு, நீலப்பச்சைத் தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடியைப் போட்டுப் பாருங்கள். இடது கண்ணுக்குச் சிவப்பு வர வேண்டும். மாற்றிப் போட்டால் பக்கத்தில் இருப்பது தூரமாகிக் குழப்பும். 3டி கேமராக்கள் எழுதும் எம்.பி.ஓ. ஃபைலையும் இந்த சாஃப்ட்வேர் திறக்கும்.

எங்கள் அப்பாயியின் படத்தை இப்படிச் செய்து லேப்டாப்பில் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக் கொண்டு ஒரு நிமிடம் ரசித்தார். பிறகு கழற்றிவிட்டார். "கண்ணாடிய எடுத்தா கலங்கலா ரெண்டு ரெண்டா தெரியுதே தம்பி. இத எப்படி சட்டம் போட்டு மாட்டுவ?" என்று கேட்டார். 3டி போட்டோவின் நூற்றாண்டுப் பிரச்சினையை இதைவிடச் சுருக்கமாக நான் எங்கும் படித்ததில்லை.

தஞ்சாவூருக்கு 1858லேயே வந்தது

நூற்றாண்டு என்று சும்மா சொல்லவில்லை. இங்கிலாந்தில் சார்லஸ் வீட்ஸ்டன் இரட்டைப் படங்களைப் பார்க்கும் ஸ்டீரியோஸ்கோப் கருவியை 1838ல் விளக்கினார். அடுத்த இருபதாவது ஆண்டில் இந்தத் தொழில்நுட்பம் காவிரிக் கரைக்கு வந்துவிட்டது! கொண்டு வந்தவர் லின்னியஸ் ட்ரைப். சென்னை மாகாண அரசு நியமித்த போட்டோகிராபர், ராணுவ கேப்டன். கேமரா, ரசாயனங்கள், காகிதம் எல்லாவற்றையும் மாட்டு வண்டிகளில் ஏற்றிக் கொண்டு திருச்சி, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். 1858ல் வெளியான அவருடைய தொகுப்புகளில் திருச்சி, தஞ்சாவூர்ப் பகுதி ஸ்டீரியோ படங்களுக்கென்றே ஒன்றும், மதுரைக்கென்று இன்னொன்றும் உண்டு. அதாவது, நம் ஊரில் 3டி போட்டோவுக்கு வயது 160க்கு மேல்.

அதே ஊரில் ட்ரைப் இன்னொரு வேலையும் செய்தார். பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் உள்ள கல்வெட்டுகளைக் கேமராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி வரிசையாக எடுத்தார். 21 படங்களை ஒட்டிச் சேர்த்தபோது சுமார் 19 அடி நீளம் வந்தது. இன்று ட்ரைப் என்றால் போட்டோகிராபி வரலாறு தெரிந்தவர்கள் சொல்வது இந்த நீளப் படத்தைத்தான். ஸ்டீரியோ படங்களைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. தட்டையான படத்தை மேஜையில் விரித்து நாலு பேர் ஒன்றாகக் குனிந்து பார்க்கலாம். ஸ்டீரியோ படத்துக்குக் கருவி வேண்டும், அதுவும் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பார்க்கலாம். இந்த 21 படங்களை மறந்துவிடாதீர்கள், மறுபடி வருகிறேன்.

அதன் பிறகு 3டி பல முறை வந்து போனது. வட்டமான அட்டையில் 14 குட்டிப் படங்களைச் சொருகி 7 காட்சிகள் காட்டிய வியூ மாஸ்டர் உங்களில் சிலர் வீட்டுப் பரணில் இன்னும் இருக்கலாம். 1984ல் மலையாளத்தில் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' இந்தியாவின் முதல் 3டி படம். 1985ல் விஜயகாந்த் நடித்த 'அன்னை பூமி' தமிழில் வந்தது. 2009ல் 'அவதார்' ஓடிய ஓட்டத்தைப் பார்த்து 2010ல் டிவி கம்பெனிகள் எல்லாம் 3டி டிவியுடன் வந்தன. 2017க்குள் பெரிய கம்பெனிகள் கைவிட்டுவிட்டன. 2011ல் இரண்டு கேமரா வைத்த 3டி செல்போன்களும் வந்தன, நிலைக்கவில்லை. 2023 டிசம்பர் முதல் ஐபோன் 15 ப்ரோவில் 3டி வீடியோ எடுக்க முடிகிறது. அதை முழுதாக அனுபவிக்க ஆப்பிள் 2024ல் விற்பனைக்குக் கொண்டு வந்த தலையில் மாட்டும் கருவியின் அமெரிக்க விலை 3,499 டாலர். அப்பாயி அதையும் கழற்றிவிடுவார் என்றே நினைக்கிறேன்.

ஆகவே நண்பர்களின் கேள்விக்கு என் பதில்: கண்ணாடியோ கருவியோ மாட்டிப் பார்க்கும் 3டி போட்டோ, கல்யாண ஆல்பம் போல வீட்டுக்கு வீடு வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. இதற்காகத் தனியாகக் கேமரா வாங்காதீர்கள். என்னைப் போல ஆசைக்கு வாங்குவது வேறு.

கதவு வழியாக வராமல் ஜன்னல் வழியாக

ஆனால் 3டி வேறு வழியில் ஏற்கெனவே உங்கள் பையில் ஏறிவிட்டது. செல்போனில் முகம் தெளிவாகவும் பின்னணி மங்கலாகவும் வரும் போர்ட்ரெய்ட் படத்தை எடுத்திருப்பீர்கள். எது அருகில், எது தூரத்தில் என்று போன் கணக்கிட்டுத்தான் அதைச் செய்கிறது. 3டி கணக்கைப் போட்டு, விடையாகத் தட்டைப் படத்தைத் தருகிறது. வேடிக்கைதான்.

அதைவிட முக்கியமானது போட்டோகிராமெட்ரி. பெயர்தான் பெரிது, விஷயம் எளிது. ஒரு பொருளைச் சுற்றிவந்து நிறையச் சாதாரணப் படங்கள் எடுக்க வேண்டும். ஒரே புள்ளி (ஒரு விரிசல், ஒரு ஆணித் தலை) பல படங்களில் எங்கெங்கே வந்திருக்கிறது என்று சாஃப்ட்வேர் தேடிப் பொருத்தும். அதிலிருந்து கேமரா எங்கெங்கே நின்றது, பொருளின் உருவம் என்ன என்று கணக்கிட்டு, மவுஸால் சுழற்றிப் பார்க்கும் மாடலாகத் தரும். கண்ணாடி வேண்டாம். நாலு பேர் சேர்ந்து பார்க்கலாம். ஓர் அளவு தெரிந்தால் மற்ற அளவுகளையும் எடுக்கலாம். ட்ரைப் நகர்ந்து நகர்ந்து எடுத்தாரே, அந்த வழியின் பேரன் இது.

பூம்புகார் போன்ற ஊருக்கு இது விளையாட்டு அல்ல. இங்கே கடற்கரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில், 23 மீட்டர் ஆழத்தில், குதிரை லாட வடிவ அமைப்பு ஒன்றை 1991ல் தேசியக் கடல்சார் ஆய்வு நிறுவனத்தினர் கண்டறிந்தார்கள். ஆற்று வண்டல் கலந்த கலங்கல் நீரில் கேமராவை மட்டும் நம்ப முடியாது, ஒலி அலைக் கருவிகளும் வேண்டும். பழைய பூம்புகாரை கம்ப்யூட்டரில் மறுபடி உருவாக்க, திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகம் தலைமையில் 13 கல்வி, ஆய்வு நிறுவனங்கள் இறங்குவதை 2020 ஜனவரியில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை அறிவித்தது. தெற்கே தரங்கம்பாடியில் மாசிலாமணி நாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டு போனதை எங்கள் பக்கத்துக்காரர்கள் எல்லோரும் அறிவோம். போன பிறகு அளவெடுக்க முடியாது.

கடல் வந்துதான் கொண்டு போக வேண்டும் என்பதில்லை. எங்கள் பெரியப்பாவின் நாட்டு ஓட்டு வீட்டைப் பிரித்துவிட்டு மாடி வீடு கட்டினார்கள். அந்த வீட்டில் நடந்த அக்கா கல்யாணத்தில் எடுத்தவை நானூறு படங்களுக்கு மேல். அதிலிருந்து பழைய வீட்டை மாடலாக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எல்லாம் முகங்கள்! வீடு தெரிந்தவை 38தான். அதிலும் சாஃப்ட்வேர் ஒன்றோடு ஒன்று பொருத்தியது 11. திண்ணையும் ஒன்றரைத் தூணும் வந்தன. மானிட்டரில் அதைச் சுழற்றிக் காட்டியபோது அப்பாயிக்கு இந்த முறை கண்ணாடி தேவைப்படவில்லை. "கொல்லைப் பக்கம் திருப்பு தம்பி. கிணத்தடி எங்க?" என்றார். திருப்பினேன். அங்கே வெறும் கறுப்புதான் இருந்தது. கல்யாணத்தன்று கிணற்றடிக்கு யார் கேமராவைக் கொண்டு போனார்கள்?

உங்கள் வீட்டில் பழைய கட்டடமோ, தேரோ, படகோ இருந்தால் இப்படி எடுத்து வையுங்கள். வெயில் சுள்ளென்று அடிக்காத, மேகம் மூடிய நேரம் நல்லது. ஜூம் செய்யாதீர்கள், ஃபிளாஷ் வேண்டாம். ஓர் எட்டு வைத்து ஒரு படம். முந்தைய படத்தில் இருந்ததில் முக்கால் பங்காவது அடுத்த படத்திலும் இருக்கட்டும். ஒரு சுற்று முடிந்ததும் கேமராவை உயர்த்திப் பிடித்து இன்னொரு சுற்று. ஒரு சிறிய வீட்டுக்கு 200 படங்கள் ஆகலாம். ஒரு படம் 4 எம்.பி. என்றால் 800 எம்.பி. ஒரு பென் டிரைவில் அடங்கிவிடும். ஏதாவது ஓர் இடத்தில் அளவு நாடாவை விரித்து வைத்து அதையும் சேர்த்து எடுங்கள். கண்ணாடி, தண்ணீர், வெள்ளையடித்த வெற்றுச் சுவர் மூன்றும் சாஃப்ட்வேரைத் திணறடிக்கும். பொருத்துவதற்கு அவற்றில் நிலையான புள்ளி இல்லை.

மாடலாக்க மெஷ்ரூம் என்ற சாஃப்ட்வேர் இலவசம். முழு மாடல் வர என்விடியா கிராபிக்ஸ் கார்டு வேண்டும், பல மணி நேரமும் ஆகும். இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போங்கள். போனிலேயே செய்ய ரியாலிட்டிஸ்கேன் போன்றவை உள்ளன. அதில் படங்கள் இன்டர்நெட் வழியாக இன்னொருவர் கம்ப்யூட்டருக்குப் போகும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இப்போதே மாடலாக்க முடியாவிட்டாலும் பரவாயில்லை. ஒரிஜினல் படங்களை அளவு குறைக்காமல் வையுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய பிரதி இதற்குப் போதாது. மாடலாக்கும் சாஃப்ட்வேர் வருடா வருடம் முன்னேறுகிறது. 2020க்குப் பிறகு வந்த புது முறைகள், பழைய படங்களிலிருந்தே முன்பைவிட நன்றாக உருவாக்குகின்றன.

ஊரில் சித்தப்பாவின் ஓட்டு வீடு இன்னும் நிற்கிறது. அடுத்த மாதம் பிரிக்கப் போவதாகப் போன் வந்தது. சனிக்கிழமை போகிறேன். கொல்லைப்புறத்திலிருந்து ஆரம்பிப்பதாக உத்தேசம்.