கேரம் பலகையில் கை தேர்வது எப்படி?

டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 2021-ஆம் ஆண்டு நடைபெற்றபோது, பெங்களூரைச் சேர்ந்த அதிதி அசோக் என்னும் இளம்பெண் கோல்ஃப் ஆட்டத்தில் நான்காம் இடத்தைப் பெற்றார். ஒரே ஓர் அடி வேறுபாட்டில் பதக்கம் கைநழுவிற்று. அவ்வாட்டத்தை அதுவரை ஏறெடுத்தும் பாராத வீடுகளிலும் அந்நாள்களில் அதைப் பற்றிய பேச்சு எழுந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பந்தை நெடுந்தொலைவு அடிப்பதில் அவரை விஞ்சியவர் பலர் அக்களத்தில் இருந்தனர். அவருடைய வலிமையெல்லாம் குழிக்கு அருகில் வந்த பின்னர்ப் பந்தை மெல்ல உருட்டிவிடும் அடியில்தான் இருந்தது.

கோல்ஃப் மைதானம் காண வேண்டுமானால் உதகைக்கோ கொடைக்கானலுக்கோ சென்னைக் கிண்டிக்கோ செல்ல வேண்டும். பாறைக்குன்றுகளும் மல்லாட்டைக் கொல்லைகளும் கரும்புத் தோட்டங்களும் சூழ்ந்த நம் கண்டாச்சிபுரம் பகுதியில் அதற்கு இடமுமில்லை, பொருளுமில்லை. ஆயினும் அதற்கு உடன்பிறப்பான ஓர் ஆட்டம் நம் இல்லங்களிலும் இளைஞர் மன்றங்களிலும் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதுவே கேரம். இரண்டிலும் அடிக்கப்பட வேண்டிய பொருள் அசையாமல் காத்திருக்கிறது. எதிராளி நம்மைத் தள்ளுவதுமில்லை, இழுப்பதுமில்லை. தவறினால் அது நம் விரலின் தவறு, அல்லது மனத்தின் தவறு. கோல்ஃப் குழியின் அகலம் 10.8 சென்டிமீட்டர், பந்தின் குறுக்களவு 4.27. கேரம் குழியின் அகலமோ 4.45 சென்டிமீட்டர், அதில் விழ வேண்டிய காய் 3 சென்டிமீட்டருக்குச் சற்றே மிகுந்தது. அதாவது கோல்ஃப் குழி பந்தைப்போல் இரண்டரை மடங்கு அகலமுடையது. நம் குழி காயைப்போல் ஒன்றரை மடங்கும் இல்லை! ஏழைகளின் ஆட்டம் எளிய ஆட்டம் என்று எண்ணுவோர் இக்கணக்கைச் சற்று நோக்குவாராக.

நம் மன்றங்களில் மாலை வேளைகளில் நடைபெறும் ஆட்டத்தை உற்று நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். பத்து ஆண்டுகளாக ஆடிவரும் இளைஞரும் பத்து ஆண்டுகளுக்கு முன் இருந்த நிலையிலேயே இருக்கின்றார். காரணம், அவர் ஆடுகிறாரேயன்றிப் பயில்வதில்லை. அதிலும் தமக்கு விருப்பமான அடியையே திரும்பத் திரும்ப அடிக்கின்றார். விருப்பமான அடி எது? பலகை அதிரும்படி, பார்ப்போர் ஆரவாரிக்கும்படி, ஓங்கிச் சுண்டும் அடி. எங்கேயாவது பட்டு எதுவாவது விழும் என்னும் நம்பிக்கையே அதன் இலக்கு. கோல்ஃப் ஆடுவோர் இதில் நம்மினும் தெளிவுடையோர். 72 அடிகளில் முடிக்கத்தக்கதென வகுக்கப்பட்ட மைதானத்தில் 36 அடிகள் குழியருகே மெல்ல உருட்டுவதற்கென்றே கணக்கிடப்படுகின்றன. பாதி ஆட்டம் மென்மையான அடியில் அடங்கியுள்ளது என்பது அவர்கள் ஆட்ட முறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. கேரமில் அதை எவரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் உண்மை அதுவே.

இதன் காரணத்தைச் சிறிது விளக்குவோம். கோலிக்குண்டு ஆடியவர் அறிவர்: ஒரே அளவான குண்டு ஒன்றை நேராகத் தாக்கினால் தாக்கிய குண்டு பெரும்பாலும் அவ்விடத்திலேயே நின்றுவிடும். கேரமில் அப்படி நிகழ்வதில்லை. விதிப்படி ஸ்டிரைக்கரின் எடை 15 கிராம் வரை இருக்கலாம். காயின் எடை 5 முதல் 5.5 கிராம். மூன்று மடங்கு எடையுள்ள பொருள் சிறியதை நேராக மோதினால், தானும் அதன் பின்னாலேயே தொடர்ந்து செல்லும். காய்க்குப் பின்னால் ஸ்டிரைக்கரும் குழியில் விழுந்து, பெற்ற காயையும் மேற்கொண்டு ஓர் அபராதக் காயையும் மேலே வைக்க நேர்வது இதனால்தான். மெல்லச் சுண்டினால், காய் ஏழெட்டு அங்குலம் சறுக்கிச் சென்று விழும்போது ஸ்டிரைக்கர் ஏறத்தாழ ஓர் அங்குலமே நகர்ந்து நிற்கும். வேகத்தை இரு மடங்காக்கினாலோ, அது செல்லக்கூடிய தூரம் நான்கு மடங்காகிவிடும். மேலும் வேகமாகச் செல்லும் காய் குழியின் ஓரத்தில் சற்றே பட்டாலும் வெளியே துள்ளும். மெதுவாகச் செல்லும் காய் அதே ஓரத்தில் பட்டுத் தயங்கி உள்ளே சாயும். ஆகவே குழியைச் சென்றடைவதற்கு எவ்வளவு வேகம் வேண்டுமோ, அதற்கு மேல் ஒரு சிறிதே போதும். மிகுதியெல்லாம் நமக்கே பகை.

இனிப் பயிற்சிக்கு வருவோம். முதலில் உட்காரும் முறை. தரையில் பலகையை வைத்து ஒருக்களித்துச் சாய்ந்துகொண்டு ஆடுவது நம் வீடுகளின் வழக்கம். குழந்தைகளுக்கு அது போதும். கை தேர விரும்புவோர் பலகையைத் தரையிலிருந்து ஏறத்தாழ இரண்டேகால் அடி உயரத்தில், நான்கு மூலையும் சமமாக, ஆடாத தாங்கியின்மேல் வைத்து, நாற்காலியில் நிமிர்ந்து அமர்தல் வேண்டும். பலகை சமமாக இருக்கிறதா என்பதை அறிய, நடுவில் ஒரு காயை வைத்து நாற்புறமும் ஒரே அளவு மென்மையாகச் சுண்டிப் பார்த்தால் போதும். போட்டி விதியின்படி ஆட்டத்தின்போது நாற்காலியை நகர்த்தவும் எழுந்து நிற்கவும் இயலாது. முழங்கையும், மூலையில் வரையப்பட்டிருக்கும் அம்புக்கோடுகளின் நீட்சியைக் கடந்து உள்ளே வரலாகாது. எனவே இருந்த இடத்திலிருந்தே இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் கையைக் கொண்டுசெல்லப் பழகுவது இன்றியமையாதது.

அடுத்து விரல். ஆள்காட்டி விரலால் சுண்டுவோரும் உண்டு; நடுவிரலால் சுண்டுவோரும் உண்டு; ஒன்றன்மேல் ஒன்றை மாட்டிக் கத்தரிபோல் விடுவிப்போரும் உண்டு. இவற்றுள் எது உயர்ந்தது என்னும் வாதத்தில் இளைஞர்கள் பல மாலைகளைச் செலவிடுகின்றனர், வீண் வேலை. எந்த விரலாயினும், அது ஸ்டிரைக்கரைத் தொடும் அளவுக்கு நெருங்கியிருக்க வேண்டும் என்பதே முக்கியம். விரலைத் தொலைவிலிருந்து கொண்டுவந்து மோதினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் படும், இலக்குத் தவறும். மற்ற விரல்கள் பலகையின்மேல் இலேசாக ஊன்றியிருக்கட்டும். தள்ளுதல் கூடாது, சுண்டுதல் வேண்டும் என்பது விதி. மூச்சை அடக்கிக்கொண்டு சுண்டுவோர் கை விறைத்துப்போகும்; பாதி மூச்சை வெளிவிட்டபின் சுண்டிப் பாருங்கள், வேறுபாடு உடனே தெரியும்.

பக்கவாட்டில் வெட்டி அடிப்பதே பலரைக் குழப்புவது. காயின் நடுவையும் குழியின் நடுவையும் மனத்திற்குள் ஒரு கோட்டால் இணைத்து, அக்கோட்டைக் காயின் பின்புறமாக நீட்டிக்கொள்ளுங்கள். காயின் நடுவிலிருந்து மூன்றரை சென்டிமீட்டருக்குச் சற்று மிகுதியாகப் பின்னே, அக்கோட்டின்மேல் உள்ள இடமே மோதும் நொடியில் ஸ்டிரைக்கரின் நடுப்பகுதி வந்து சேர வேண்டிய இடம். அவ்விடத்தில் இன்னொரு ஸ்டிரைக்கரைக் காயைத் தொட்டபடி வைத்துப் பார்த்து, கண்ணில் பதித்துக்கொண்டு, பின்பு அதை எடுத்துவிட்டுச் சுண்டுங்கள். ஒரு வாரம் இவ்வாறு செய்தால் இல்லாத ஸ்டிரைக்கரும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கும். எந்நேரமும் காயையே பார்த்துக்கொண்டிருப்போர் அதன் நடுவிலேயே மோதுகின்றனர். பார்க்க வேண்டியது காயின் அருகிலுள்ள அந்த வெற்றிடத்தை.

தனித்திருந்து நாள்தோறும் அரைமணி நேரம் பயின்றால் போதுமானது. எதிர்க்குழியிலிருந்து நான்கு விரல் தள்ளி ஒரு காயை வைத்து, ஸ்டிரைக்கர் குழியில் விழாதபடி பத்து முறை தொடர்ந்து வீழ்த்துங்கள். ஒன்பதாவதில் தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து தொடங்குக. இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். முதல் நாளில் முடிப்போர் மிகச் சிலரே. அது கைவந்த பின்னர்க் காயை நடுவட்டத்திற்குக் கொண்டுவருக. அதன்பின் வெட்டும் அடி. எதிர்ச் சட்டத்தில் பட்டுத் திரும்பும் அடியை இறுதியில் வைத்துக்கொள்ளலாம். நம் பிள்ளைகள் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, திரும்பும் அடியிலிருந்தே தொடங்குகின்றனர்!

ஆட்ட முறையிலும் ஒரு மாற்றம் வேண்டும். கறுப்புக்குப் பத்து, வெள்ளைக்கு இருபது, சிவப்புக்கு ஐம்பது என்று எண்ணி ஆடும் வீட்டு ஆட்டத்தில் எந்தக் காயையும் எவரும் போடலாம். அதனால் எளிய காயைத் தேடும் கண் வளருமேயன்றித் திட்டமிடும் அறிவு வளராது. போட்டி ஆட்டத்திலோ ஒருவர்க்கு ஒன்பது வெள்ளை, மற்றவர்க்கு ஒன்பது கறுப்பு. முதலில் முடித்தவர்க்கு எதிராளியின் எஞ்சிய காய்களின் எண்ணிக்கையே புள்ளி. சிவப்புக் காய்க்கு 3 புள்ளி. அதுவும் தம் புள்ளி 21 வரை இருக்கும்போதுதான். 25 புள்ளி, அல்லது எட்டு பலகை. அத்துடன் ஓர் ஆட்டம் முடியும். மூன்றில் இரண்டை வென்றவர் வெற்றியாளர். இம்முறையில் ஆடத் தொடங்கியதும், குழியின் வாயிலில் நிற்கும் தம் காயை அவசரப்பட்டுப் போடலாகாது என்பது விளங்கும். அது எங்கும் ஓடிவிடாது. அங்கேயே நின்று எதிராளிக்கு அக்குழியை அடைத்துக்கொண்டிருக்கும். சிவப்பை வீழ்த்தியபின் துணைக்காயாகவும் உதவும். கடினமான காய்களை முன்னே முடிப்பதே அறிவுடைமை. ஓர் அடிக்கு 15 நொடி என்பது விதி; ஆகவே அடுத்த அடியை எதிராளி ஆடும்போதே எண்ணி முடித்திருக்க வேண்டும்.

பலகையைப் பேணுவதைப் பற்றியும் சில சொற்கள். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஈரச் சுவரில் சாய்த்து வைத்த பலகை தை மாதத்தில் வளைந்துபோயிருக்கும். துணியில் சுற்றி உலர்ந்த இடத்தில் வைப்பதே நன்று. முகத்துக்கு இடும் பவுடர் ஈரக்காற்றில் பிசுபிசுக்கும். போரிக் பவுடரே ஏற்றது. ஆனால் அது வயிற்றுக்குள் செல்லத்தக்கதன்று. தவழும் குழந்தையுள்ள வீடுகளில் டப்பாவை எட்டாத உயரத்தில் வைத்து, ஆடி முடித்ததும் கைகழுவச் செய்ய வேண்டும். விளக்கு பலகையின் நடுவே நேர்மேலே தொங்கட்டும்; பக்கத்திலிருந்து வரும் ஒளி காயின் நிழலை நீட்டிக் கண்ணை ஏமாற்றும்.

பணம் வைத்து ஆடுவதைப் பற்றிப் பெற்றோர் சிலர் நம்மிடம் முறையிடுவதுண்டு. தேநீருக்கு என்று தொடங்கி நாட்கூலி வரை போவதை நாமும் அறிவோம். அதன் ஒழுக்கக் கேட்டை எல்லோரும் அறிவர். ஆட்டக் கேட்டையே ஈண்டுக் குறிப்பிடுகிறோம். பந்தயம் கட்டியவன் புதிய அடி எதையும் முயன்று பார்க்கத் துணியான். தெரிந்ததையே ஆடித் தெரிந்த அளவிலேயே நின்றுவிடுவான்.

இவ்வாட்டத்தால் என்ன ஆகும் என்று கேட்போர்க்குச் சென்னையைப் பார்க்கச் சொல்வோம். பன்னாட்டுக் கேரம் சம்மேளனம் 1988-இல் தோன்றியதே அந்நகரில்தான். அந்நகரின் மரிய இருதயம் ஒன்பது முறை தேசிய வெற்றியாளராகவும், 1991, 1995 ஆகிய இருமுறை உலக வெற்றியாளராகவும் திகழ்ந்து, 1996-ஆம் ஆண்டின் அர்ஜுனா விருதைப் பெற்றார். கேரமுக்கு அவ்விருது கிடைத்தது அதுவே முதன்முறை. வியாசர்பாடியில் மீன்பாடி வண்டி ஓட்டியவரின் மகள் இளவழகி, 2008-இல் பிரான்சு நாட்டின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். வடசென்னையின் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் மகள் காசிமா, 17 வயதில், 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடைபெற்ற உலகக் கோப்பையில் தனியர், இரட்டையர், குழு ஆகிய மூன்றிலும் தங்கம் பெற்றுத் திரும்பினார். தமிழ்நாடு அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் வழங்கிச் சிறப்பித்தது.

இவ்விருவரும் பெண்கள் என்பதைக் கவனியுங்கள். நம் ஊர்களில் மன்றத்துப் பலகையைச் சுற்றி ஆண்பிள்ளைகளே நிற்கின்றனர். பன்னிரண்டு வயது வரை அண்ணனுக்கு எதிரே அமர்ந்து ஆடிய தங்கை, அதன்பின் அடுப்படிக்கு அனுப்பப்படுகிறாள். அவள் விரல் அண்ணனின் விரலைவிட மென்மையானது. மேலே சொன்ன கணக்கின்படி பார்த்தால், அண்ணன் ஆண்டுக்கணக்கில் பயின்று அடைய வேண்டியதை அவள் தொடக்கத்திலேயே பெற்றிருக்கிறாள். அவளை மன்றத்துக்கு அனுப்பத் தயங்கும் வீட்டார் பலகையை வீட்டிலேயே வைக்கலாம்; பலகைக்கு ஏறத்தாழ மூன்றடிச் சதுர இடம் இருந்தால் போதும். இரவு உணவு முடிந்து பாத்திரம் கழுவும் வேலையை அண்ணன் அரைமணி நேரம் பார்த்துக்கொள்ளட்டும். அந்நேரத்தில் அவள் பத்துக் காய்ப் பயிற்சியை முடித்துவிடுவாள்.