மீனுக்கும் உண்டு காவல் கப்பல்!

சுட்டிகளே! மாமல்லபுரம் கடற்கரைக் கோயில் அருகே நின்று கடலைப் பார்த்திருக்கிறீர்களா? உங்கள் உயரத்துக்குச் சுமார் 4 கிலோ மீட்டர் தூரம் வரைதான் கடல் தெரியும். அதற்கும் அப்பால் ஒரு வெள்ளைக் கப்பல் ரோந்து சுற்றிக் கொண்டிருக்கலாம். அது யாருடைய கப்பல் தெரியுமா?

கடற்படையின் போர்க்கப்பல் சாம்பல் நிறத்தில் இருக்கும். வெள்ளை உடலில் சாய்வாக ஆரஞ்சுப் பட்டை இருந்தால், அது இந்தியக் கடலோரக் காவல் படையின் கப்பல். 1977ல் கடற்படை கொடுத்த 2 போர்க்கப்பல்கள், 5 ரோந்துப் படகுகளோடு தொடங்கிய படை இது.

இப்போது இந்தப் படையிடம் பெரிய கப்பல்கள் பல உள்ளன. அவற்றில் ஒன்று 'விக்ரஹா'. சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் கட்டப்பட்டு, 2021 ஆகஸ்டில் படையில் சேர்ந்தது. நீளம் 98 மீட்டர். 11 அதிகாரிகளும் 110 மாலுமிகளும் பணிபுரியலாம். ஹெலிகாப்டர் இறங்கவும் இடம் உண்டு!

கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோ மீட்டர் வரை உள்ள மீன்வளம் நம் நாட்டுக்குச் சொந்தம். வெளிநாட்டுக் கப்பல் அனுமதியின்றி அங்கே வலை வீசினால், காவல் கப்பல் அதை மடக்கும். வீரர்கள் ஏறிச் சோதிப்பார்கள், பிடித்தும் வருவார்கள். இதற்கு 1981லேயே சட்டம் வந்துவிட்டது. நடுக்கடலில் தவிக்கும் மீனவர்களையும் காப்பாற்றுவார்கள். உதவி கேட்க 1554 என்ற எண் உள்ளது.

சரி, கடலுக்கு ஆபத்து வெளியாரால் மட்டும்தானா? 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை மூச்சு விட நீருக்கு மேலே வர வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கினால் வர முடியாது. மூச்சுத் திணறி இறந்துவிடும். அதனால்தான் முட்டையிட ஆமைகள் வரும் மாதங்களில், கரையோரம் இழுவலை போடுவோரைத் தடுக்கவும் ரோந்து நடக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடையும் உண்டு. அது மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலம்.

ஆனால், எத்தனை கப்பல் சுற்றினாலும் எல்லாப் படகையும் கண்காணிக்க முடியாது. கப்பலின் காவல் பாதி. விதியை நாமே மதிப்பது மீதி.

தடைக் காலத்தில், "மீன் விலை ஏறிப் போச்சே!" என்று அம்மா சொன்னால், நீங்கள் காரணம் சொல்லுங்கள்: "கடல்ல மீன் குஞ்சு வளருதும்மா!"