திறப்பு யார் கையில்? கிரிப்டோ கணக்குகளும் அரச முடக்கங்களும்

கிரிப்டோ நாணயம் பற்றி எங்கள் மத்தியில் நடக்கும் பேச்சு பெரும்பாலும் ஹலாலா, ஹராமா என்ற கேள்வியோடு நின்றுவிடுகிறது. அக்கேள்வியை மார்க்க அறிஞர்களிடமே விட்டு விடுகிறேன். வர்த்தகச் சட்டம் படிப்பிக்கிறவன் என்ற வகையில் என்னிடம் இளைஞர்கள் கொண்டுவரும் கேள்வி வேறு. "சேர், எக்ஸ்சேஞ்சில கெடக்கிற சல்லிய பொலிஸ் சொன்னா அவங்க பிடிச்சி வெக்க ஏலுமா?"

ஏலும் என்பதே விடை. எப்படி ஏலும், யார் சொன்னால் ஏலும், பிடித்ததை மீட்க என்ன வழி இருக்கிறது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். முடக்கும் அதிகாரத்தை விட, முடக்கியதைத் திறக்கச் செய்யும் வழி இல்லாமையே இதில் பெரிய பிரச்சினை என்பது என் கருத்து.

அமானிதமா, கடனா?

2009இல் பிட்கொயின் புழக்கத்துக்கு வந்தபோது அதன் கவர்ச்சியே இடையில் வங்கி கிடையாது என்பதுதான். இரகசிய எண்தொடர் ஒன்று இருக்கிறது, அதுவே திறப்பு. திறப்பு எவரிடமோ சல்லி அவருடையது. ஆனால் அந்தத் திறப்பைத் தொலைத்தால் சல்லியும் போனது போனதுதான். அந்தப் பயத்தினாலும், வாங்கி விற்கும் வசதிக்காகவும் பெரும்பாலானோர் பைனான்ஸ், கொயின்பேஸ் போன்ற பரிமாற்றகங்களில் கணக்குத் திறக்கின்றனர். அங்கே திறப்பு கம்பனியிடம். வாடிக்கையாளரின் கைத்தொலைபேசியில் தெரிவது கம்பனியின் பேரேட்டில் அவர் பெயருக்கு எதிரே எழுதப்பட்ட ஒரு தொகை மட்டுமே.

ஹஜ்ஜுக்குப் போகிறவர் நகைப்பெட்டியைப் பக்கத்து வீட்டு மாமியிடம் ஒப்படைத்தால் அது அமானிதம். பெட்டி அப்படியே திரும்பி வர வேண்டும். அதே மனிதர் கடை முதலாளியிடம் ஒரு இலட்சம் ரூபாயைக் கொடுத்துவைத்தால் முதலாளி அதைப் புழங்குவார். கேட்கும்போது கொடுப்பார், ஆனால் அதே தாள்கள் வரா. அது கடன். பரிமாற்றகங்கள் பேசுவது முதலாவதைப் போலிருக்கும். ஒப்பந்தத்தின் பொடி எழுத்து பல வேளைகளில் இரண்டாவதைச் சொல்லும். செல்சியஸ் என்ற அமெரிக்கக் கிரிப்டோ நிறுவனம் முறிந்தபோது, வட்டி தரும் கணக்குகளில் கிடந்த சுமார் 420 கோடி டொலர் வாடிக்கையாளருடையதல்ல, நிறுவனத்தின் சொத்தே என 2023 ஜனவரியில் நியூயோர்க் வங்குரோத்து நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சுமார் ஆறு இலட்சம் கணக்குகள் அத்தீர்ப்பில் அகப்பட்டன. அது முடக்கம் பற்றிய வழக்கல்ல. ஆனால் பொடி எழுத்துக்கு எவ்வளவு பலம் உண்டு என்பதை அது காட்டியது.

மூன்று வேறு காரியங்கள்

எங்கட ஆக்கள் எல்லாவற்றையும் "சல்லிய புடிச்சிட்டான்" என்று ஒரே சொல்லில் சொல்வார்கள். சட்டத்தில் இவை மூன்று. முடக்கம் என்பது பணம் இருந்த இடத்திலேயே இருக்க, எடுக்கவோ அனுப்பவோ முடியாமல் செய்வது. கைப்பற்றல் என்பது அதை அரசின் கட்டுப்பாட்டுக்குக் கொண்டு போவது. பறிமுதல் என்பது உரிமையே அரசுக்கு மாறுவது. அதற்குப் பொதுவாக நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும்.

நடைமுறை இப்படி: பெரும்பாலான கிரிப்டோ நாணயங்கள் ஒரு முகவரியிலிருந்து இன்னொன்றுக்குப் போவது எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுப் பேரேடுகளில் பதியப்படுகிறது. மோசடிப் பணம் எந்த முகவரியிலிருந்து எங்கே போனது என்பதை விசாரணையாளர்கள் அதிலே பின்தொடர்கின்றனர். தடம் ஒரு பரிமாற்றகத்தின் வாசலில் போய் நின்றதும், அந்தக் கணக்கு யாருடையது என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதுகின்றனர். தேவையானால் முடக்கச் சொல்கின்றனர். 2023 செப்டம்பருடன் முடிந்த ஓராண்டில் கொயின்பேஸுக்கு மட்டும் உலகெங்குமிருந்து 13 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோரிக்கைகள் வந்ததாக அந்நிறுவனமே அறிவித்தது. அவற்றில் பெரும்பங்கு தகவல் கேட்பவை.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்ல வேண்டும். "நான் எக்ஸ்சேஞ்சில வெக்கல, என்ட சொந்த வொலட்டில வெச்சிருக்கன், யாருக்கும் தொட ஏலாது" என்று சிலர் சொல்வார்கள். பிட்கொயினைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் எங்கள் இளைஞர்கள் அதிகம் புழங்கும் டெதர், அதாவது டொலர் பெறுமதியோடு கட்டப்பட்ட நாணயம், அப்படியல்ல. அதை வெளியிடும் கம்பனி எந்த முகவரியையும் கறுப்புப் பட்டியலில் சேர்க்கலாம். சேர்த்தால் திறப்பு உங்கள் கையில் இருந்தும் அந்த நாணயம் அசையாது.

முடக்கத்தின் நியாயம்

முடக்கும் அதிகாரமே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். இணையத்தில் அன்பாகப் பேசிப் பழகி, போலி முதலீட்டுக்குள் இழுத்து முழுச் சேமிப்பையும் சுருட்டும் கும்பல்கள் தென்கிழக்காசியாவில் இயங்குகின்றன. தகவல் தொழில்நுட்ப வேலை என்று ஏமாற்றப்பட்ட இலங்கை இளைஞர்களும் மியன்மாரின் மியாவாடிப் பகுதி முகாம்களில் அடைக்கப்பட்டு, இந்த மோசடியைச் செய்யும்படி வதைக்கப்பட்டனர். அத்தகையதொரு வலையமைப்போடு தொடர்புடைய சுமார் 22.5 கோடி டொலரை 2023 நவம்பரில் டெதர் நிறுவனம் முடக்கியது. ஏமாந்தவர்களுக்குப் பணம் திரும்ப வேண்டுமானால் இப்படி யாராவது இடைமறித்தே ஆக வேண்டும்.

ஆனால் அதே கருவி, குற்றம் நிரூபிக்கப்படாத ஒருவரின் மீதும் அதே வேகத்தில் பாயும்.

பலஸ்தீனக் கணக்குகள்

இஸ்ரேலில் பயங்கரவாத நிதிக்கு எதிரான தேசியப் பணியகம் ஒன்று பாதுகாப்பு அமைச்சின் கீழ் இயங்குகிறது. 2016ஆம் ஆண்டின் பயங்கரவாத எதிர்ப்புச் சட்டத்தின்படி அது வெளியிடும் கைப்பற்றல் கட்டளைகளில் கையொப்பமிடுபவர் பாதுகாப்பு அமைச்சர், நீதிபதி அல்ல. 2021 முதல் பைனான்ஸ் நிறுவனத்திலிருந்த சுமார் 190 கணக்குகள் இவ்வாறு கைப்பற்றப்பட்டதாக, அப்பணியகத்தின் ஆவணங்களை ஆதாரமாகக் கொண்டு 2023 மே மாதம் ரொய்ட்டர்ஸ் அறிவித்தது. இரண்டு கணக்குகள் ஐ.எஸ். இயக்கத்தோடு தொடர்புடையவை எனக் கூறப்பட்டவை. பல டசின் கணக்குகள், ஹமாஸுடன் தொடர்புள்ளவை என இஸ்ரேல் சொன்ன பலஸ்தீன நிறுவனங்களுக்குரியவை. ஒக்டோபர் 2023க்குப் பிறகு இன்னும் கணக்குகள் முடக்கப்பட்டன.

அந்நிறுவனங்களில் நாணய மாற்றுக் கடைகளும் இருந்தன என்பதே இதில் ஊன்றிக் கவனிக்க வேண்டியது. நாணய மாற்றுக் கடை என்பது ஆயிரம் பேரின் சல்லி போய்வரும் சந்தி. வெளிநாட்டிலிருக்கும் மகன் உம்மாவின் மருந்துக்கு அனுப்புவதும் அதன் வழியாகத்தான் வரும். கடையைப் பட்டியலில் சேர்த்தால், அதனோடு கொடுக்கல் வாங்கல் செய்த கணக்குகளிலும் கறை படிந்ததாகக் கொள்ளலாம்.

2024 ஓகஸ்டில், ரே யூசுப் என்ற கிரிப்டோத் தொழில்முனைவர், இஸ்ரேலிய இராணுவத்தின் கோரிக்கைப்படி எல்லாப் பலஸ்தீனரின் பணத்தையும் பைனான்ஸ் கைப்பற்றிவிட்டதாகக் குற்றஞ்சாட்டினார். அதன் தலைமை அதிகாரி ரிச்சர்ட் டெங் இதை மறுத்தார். சட்டவிரோதப் பணத்தோடு தொடர்புடைய குறிப்பிட்ட சில கணக்குகள் மட்டுமே தடுக்கப்பட்டன என்றார். "எல்லாப் பலஸ்தீனரும்" என்பதை நானும் ஏற்பதற்கில்லை. ஆதாரம் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் "சில கணக்குகள்" என்ற மறுமொழியும் போதாது. அந்தச் சிலரில் ஒருவர் நான் குற்றமற்றவன் என்று எங்கே போய்ச் சொல்வார்? பணத்தைப் பிடித்த அரசிடமே மேன்முறையிட வேண்டும். அதுவும் போர்க்காலத்தில், காஸாவிலிருந்து.

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு விரைந்து கீழ்ப்படிகின்றன என்பதற்கும் காரணம் உண்டு. 2023 நவம்பரில் பைனான்ஸ் அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 430 கோடி டொலர் செலுத்த இணங்கியது. அதன் நிறுவனர் பதவி விலகினார். பணம் தூயதாக்கலைத் தடுக்கும் விதிகளைப் பேணாதது அக்குற்றங்களில் ஒன்று. முடக்காமல் விட்டால் கம்பனிக்கு இப்படியான தண்டனை. தவறாக முடக்கினால் ஒரு வாடிக்கையாளரின் கோபம் மட்டும். தராசு எந்தப் பக்கம் சாயும் என்று சொல்லத் தேவையில்லை.

கனடாவில் நடந்தது

இது முஸ்லிம்களுக்கு மட்டும் வரும் சோதனை என்று எண்ணக் கூடாது. 2022 பெப்ரவரியில் கனடாவின் ஒட்டாவா நகரை லொறிச் சாரதிகள் மறித்துப் போராடியபோது, அரசாங்கம் அவசரகாலச் சட்டத்தைப் பிரயோகித்தது. நீதிமன்றக் கட்டளை இல்லாமலேயே கணக்குகளை முடக்க வங்கிகளுக்கும் பரிமாற்றகங்களுக்கும் அதிகாரம் கிடைத்தது. முடக்கியதற்காக அவற்றின் மீது வழக்கிடவும் முடியாது. 34 கிரிப்டோ முகவரிகளைக் கொண்ட பட்டியலைப் பொலிஸார் பரிமாற்றகங்களுக்கு அனுப்பினர். திறப்பை வாடிக்கையாளரிடமே விடும் மென்பொருள் நிறுவனம் ஒன்றோ, அதே நாட்களில் வந்த நீதிமன்ற முடக்கக் கட்டளையொன்றுக்கு, தன்னிடம் எவருடைய பணமும் இல்லை, முடக்க வழியுமில்லை என்று பதில் எழுதியது.

2024 ஜனவரியில் கனடாவின் சமஷ்டி நீதிமன்றம் அவசரகாலச் சட்டத்தைப் பிரயோகித்தது நியாயமற்றது எனத் தீர்ப்பளித்தது. கணக்குகள் முடக்கப்பட்ட விதம் அரசியலமைப்பு தரும் உரிமைகளை மீறியதாகவும் கூறியது. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் சென்றன. ஆயினும் பேசுவதற்கு ஒரு நீதிமன்றம் இருந்தது. கனேடிய லொறிச் சாரதிக்கும் காஸாவின் கணக்காளருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஏழு நாள் கெடு

எங்கள் நாட்டுச் சட்டத்தையும் ஒருதரம் புரட்டிப் பார்ப்போம். 2006ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கப் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ், உயர் பொலிஸ் அதிகாரி ஒருவர் கணக்கை முடக்கக் கட்டளையிடலாம். ஆனால் அக்கட்டளைக்கு ஆயுள் ஏழு நாட்கள். நீடிக்க வேண்டுமானால் மேல் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நடைமுறையில் எத்தனை குறைகள் இருந்தாலும், சட்டம் பொலிஸுக்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. வங்கிக் கிளைக்கு ஒரு முகவரி இருக்கிறது. சட்டத்தரணியை வைத்து வாதாட ஒரு மன்று இருக்கிறது.

பரிமாற்றகத்தின் ஒப்பந்தத்தில் இந்தக் கெடுவைத் தேடிப் பாருங்கள். கிடைக்காது. என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டு நிறுவனங்களுக்குச் சின்னங்கள் வரைந்து கொடுப்பவர். கூலியை டெதரில் பெற்றார். ஒரு நாள் கணக்குப் பூட்டப்பட்டது. சட்ட அமுலாக்கத் தரப்பின் வேண்டுகோள் என்று மட்டும் மின்னஞ்சல். எந்த நாடு என்று கேட்டார். சொல்ல அனுமதியில்லை என்றார்கள். அவருக்குக் கூலி கொடுத்தவரின் பணம் எங்கோ மோசடி முகவரியொன்றைத் தொட்டிருக்கலாம் என்பதே எங்கள் ஊகம். ஐந்து மாதம் கழித்து, காரணம் எதுவும் சொல்லாமல் திறந்துவிட்டார்கள். "சேர், நான் குத்தவாளியா இல்லயா எண்டு இன்னும் எனக்குத் தெரியா" என்றார். அந்த ஐந்து மாதமும் வீட்டு வாடகையை அவருடைய மாமனார் கட்டினார்.

வழக்கிட முடியாதா? பைனான்ஸின் ஒப்பந்தம் பிணக்குகளை ஹொங்கொங் நடுவர் மன்றத்துக்கு அனுப்பியது. வேறொரு பிணக்கில் இவ்விடயம் ஒன்டாரியோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் முன் வந்தது. சராசரி முதலீடு 5,000 டொலர். ஹொங்கொங்கில் வழக்காடும் செலவோ சுமார் 36,000 டொலர். அப்படியான நிபந்தனை செல்லாது என்று 2024இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இலங்கையரைக் காக்க அத்தகைய தீர்ப்பெதுவும் இங்கே இல்லை. மெய்நிகர் நாணயங்கள் ஒழுங்குபடுத்தப்படாதவை என்றும், அவற்றுக்காகக் கடனட்டை, வரவு அட்டைகளைப் பயன்படுத்த அனுமதியில்லை என்றும் மத்திய வங்கி 2022இலும் எச்சரித்தது. இங்கிருந்து முறையிடப் போகிறவரிடம் முதலில் கேட்கப்படுவது, அந்தச் சல்லி எப்படி அங்கே போனது என்பதாகத்தான் இருக்கும்.

செய்யக்கூடியவை

கூலியைக் கிரிப்டோவில் பெறுகிறவர்கள் யார் தந்தார், என்ன வேலைக்கு, எந்த முகவரியிலிருந்து என்பதை ஒவ்வொரு முறையும் எழுதி வைக்க வேண்டும். கணக்குப் பூட்டப்பட்டால் அந்தக் குறிப்பு மட்டுமே கையிலிருக்கும் சாட்சி. வந்த பணத்தை எக்ஸ்சேஞ்சில் குவித்து வைக்கக் கூடாது. முன்பின் தெரியாதவருக்காக உங்கள் கணக்கூடாகப் பணம் மாற்றிக் கொடுப்பது, "சும்மா ஒரு உதவிதானே" என்றாலும், பிறரின் கறையை வாங்கிக்கொள்வதாகும்.

பள்ளிவாசல், ஸக்காத் நிதியம், நிவாரணச் சேகரிப்பு போன்ற பொதுப்பணத்தை ஒரு தனிமனிதரின் கிரிப்டோக் கணக்கில் சேர்ப்பதை எந்த நிர்வாகமும் அனுமதிக்கக் கூடாது. இன்னொருவருடைய அமானிதத்தை, காரணம் சொல்லாமலும் கெடு வைக்காமலும் பூட்டக்கூடிய ஒருவரின் கையில் கொடுத்துவைக்க எங்களுக்கு உரிமை கிடையாது.

கிரிப்டோவை ஒழுங்குபடுத்தும் சட்டம் பற்றிய பேச்சு இந்நாட்டிலும் எழுகிறது. அச்சட்டம் வரும்போது வரியைப் பற்றியும் அனுமதிப்பத்திரத்தைப் பற்றியும் எல்லோரும் பேசுவார்கள். முடக்கப்பட்டவருக்குக் காரணம் சொல்லப்பட வேண்டும், குறித்த நாட்களுக்குள் நீதிபதி முன் அவர் பேச வேண்டும் என்ற இரண்டு வரிகள் அதில் இருக்கின்றனவா என்பதை எங்கள் சட்டத்தரணிகளும் பாராளுமன்ற உறுப்பினர்களும் கேட்க வேண்டும்.