ஆய்வுகூடமும் அங்காடியும்

அரசாங்கம் பொதுமக்களின் வரிப்பணங் கொண்டு நடத்தும் ஆராய்ச்சி, ஈற்றிலே தனியார் விற்கும் பண்டமாக அங்காடிக்கு வருதல் இக்காலத்து இயல்பாகும். இது முறையோ என வினவுவாரும், இன்றியமையாதது என விடையிறுப்பாரும் உளர். இருசாராரும் முதற்கண் அறியவேண்டுவது, அக்கைமாற்றம் நிகழும் வகையாகும். அதனை விளக்குதற்கு நெடுந்தூரம் செல்லவேண்டுவதில்லை. கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் வட்டைகளில் விதைக்கும் நெல்லும், அதற்கு இடும் பசளையும் போதிய சான்றுகளாம்.

முதலில் விதைநெல்லை நோக்குவோம். குருநாகலுக்கு அண்மையிலுள்ள பத்தலகொடையில் 1952ஆம் ஆண்டில் அரசாங்க நெல்லாராய்ச்சி நிலையம் நிறுவப்பெற்றது. முருங்கக்காயன் என்னும் உள்நாட்டு நெல்லையும் மாஸ் என்னும் பிறநாட்டு நெல்லையும் கலந்து பெற்ற 'எச் 4' என்னும் இனம் 1950களின் பிற்பகுதியில் உழவர் கைக்கு வந்தது. பின்னர் வந்த 'பி.ஜி.' இனங்களின் பெயரிலுள்ள எழுத்துக்கள் பத்தலகொடையையே குறிப்பன. 'பி.ஜி. 352' என்பதன் முதலிரு இலக்கங்கள் அது மூன்றரை மாத நெல் என்பதைக் காட்டும். சம்மாந்துறையிலும் இவ்வாராய்ச்சியின் கிளை நிலையம் ஒன்று உண்டு.

ஆராய்ச்சியாளர் தூய்மை கெடாது பேணும் மூலவிதை முதலில் அரசாங்கப் பண்ணைகளிற் பெருக்கப்படும். அதன்பின் ஒப்பந்த உழவரும் தனியார் கொம்பனிகளும் அதனை மேலும் பெருக்கி விற்பர். விவசாயத் திணைக்களத்தின் விதை அத்தாட்சிப் பிரிவினர் பயிரைப் பார்வையிட்டும் முளைதிறனைச் சோதித்தும் அத்தாட்சி வழங்குவர். ஆக, ஈண்டு அரசு கண்டதைத் தனியார் விற்கின்றனர். ஆயினும் அறிவு எவர்க்கும் தனியுரிமை ஆகவில்லை. போடியார் ஒருவர் தம் விளைவில் ஒரு பகுதியை அடுத்த போகத்திற்கு விதையாக எடுத்துவைப்பின், அதனைத் தடுப்பார் இலர்.

எல்லா ஆராய்ச்சியும் இவ்வழியே செல்லலாகாதோ எனின், செல்லாது. நெல் தானே பெருகும். பசளை தானே பெருகாது. அதற்கு ஆலை வேண்டும். ஆலைக்கு முதல் வேண்டும். இவ்வேறுபாட்டை யூரியாவின் வரலாறு தெளிவாக்கும்.

வயலில் இட்ட யூரியா நீரில் விரைந்து கரைவது. பயிர் உண்ணுமுன்னரே அதன் நைதரசனில் பெரும்பகுதி வாயுவாகிக் காற்றிலும், கரைந்து நீரிலும் கழிந்துவிடும். 2008ஆம் ஆண்டில் அரசும், பிரண்டிக்ஸ், டயலொக், ஹேலீஸ், மாஸ் முதலிய தனியார் நிறுவனங்களும் பங்காளிகளாகத் தொடங்கிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் இக்குறையை ஆராய்ந்தது. எலும்பிலும் பல்லிலும் உள்ள ஐதரொட்சியபற்றைற்று என்னும் கனியத்தை மிக நுண்ணிய துகளாக்கி, அதனுடன் யூரியாவைப் பிணைத்தனர் அதன் ஆய்வாளர். கனியம் ஒரு பங்கிற்கு யூரியா ஆறு பங்கு. இக்கலவை நைதரசனைத் தனி யூரியாவிலும் 12 மடங்கு மெதுவாக வெளிவிட்டது எனவும், இலங்கை நெல்வயலில் யூரியாவைப் பாதியாகக் குறைத்தும் விளைவு குன்றவில்லை எனவும் 2017இல் அமெரிக்க இரசாயனக் கழகத்தின் ஆய்விதழொன்றில் வெளிவந்த கட்டுரை கூறிற்று.

ஆய்வுகூடத்தில் கிராமளவிற் செய்ததை ஆலையில் தொன்னளவிற் செய்தல் வேறொரு தொழிலாகும். உலர்த்தும் முறை, மணியின் உறுதி, செய்செலவு ஆகியன புதிதாக ஆராயப்பட வேண்டும். ஆராய்ச்சிக்கெனத் தரும் நிதி பெரும்பாலும் கட்டுரையோடு முடிந்துவிடும். முதலாளியின் பணமோ இலாபம் தோன்றிய பின்னரே வரும். இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட பள்ளத்திற் பல கண்டுபிடிப்புக்கள் வீழ்ந்து மறைகின்றன. தாம் செலவிட்டுத் தேறியதைப் பிறர் எளிதிற் பின்பற்றலாகாது என்னும் உறுதி இருப்பின் முதலாளி அப்பள்ளத்தைக் கடக்கத் துணிவர். காப்புரிமை அவ்வுறுதியைத் தருவதாகும். யூரியா ஆலை இயங்காத இந்நாட்டில் அதற்கு ஆள் இல்லை. ஆகவே, இம்முயற்சியின் தொடக்கத்தில் உருவான மெதுவெளியீட்டுப் பசளைத் தொழினுட்பம் 2010களின் முற்பகுதியில், காக்கிநாடாவில் யூரியா ஆலை நடத்திய இந்திய நிறுவனமாகிய நாகார்ஜுனாவிடம் கையளிக்கப்பட்டது. 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, பசளையிற் பாதியை மிச்சப்படுத்தும் வழி கண்ட நாட்டின் உழவர் பசளையின்றித் தவித்தனர்.

இத்தகைய கைமாற்றத்திற்கு வரம்பிட்ட நாடுகள் உள. அமெரிக்காவில் 1980ஆம் ஆண்டுச் சட்டமொன்று, அரசாங்கப் பணத்தில் விளைந்த கண்டுபிடிப்பின் உரிமையைப் பல்கலைக்கழகங்களும் சிறு நிறுவனங்களும் தாமே கொண்டு, பிறர்க்கு உரிமம் வழங்க இடமளித்தது. எனினும், உரிமம் பெற்றவர் அதனைப் பயன்படுத்தாது கிடப்பிற் போடின், பிறர்க்கு உரிமம் வழங்குமாறு பணிக்கும் அதிகாரத்தை அரசு தன்னிடமே வைத்துக்கொண்டது.

வட்டையில் இறங்கும் உழவன் வரியாக ஒருமுறையும், விலையாக மறுமுறையும் ஆராய்ச்சிக்குப் பணந் தருகின்றான். ஆதலின், கையளிக்கும் ஒப்பந்தத்திலேயே மூன்று நிபந்தனைகள் இடம்பெறல் வேண்டும். குறித்த காலத்துட் பொருள் அங்காடிக்கு வரல் வேண்டும். வருவாயில் ஒரு பங்கு ஆராய்ச்சிக்கு மீளல் வேண்டும். உள்நாட்டுத் தேவைக்கு முதலிடம் அளித்தல் வேண்டும். இவை எழுதப்படாத ஒப்பந்தம், வரம்பு கட்டாத வயலில் நீர் பாய்ச்சுவதனை ஒக்கும்.