பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா? கிள்ளான் பள்ளத்தாக்கின் பெயர் அதிசயங்கள் தெரியுமா?

"என் அப்பா பிரிக்பீல்ட்ஸில் வேலை செய்கிறார்" என்று ஒரு பிள்ளை ஆங்கிலத்தில் எழுதுகிறது. பிரிக்பீல்ட்ஸின் முதல் எழுத்தைச் சின்ன எழுத்தாகப் போட்டுவிட்டால் அந்த அப்பா யாராகிவிடுவார் தெரியுமா? செங்கல் சூளைத் தொழிலாளி! பெரிய எழுத்தாகப் போட்டால் அவர் துன் சம்பந்தன் சாலையில் பூமாலை கட்டுபவராக இருக்கலாம், பக்கத்துச் சந்தில் வழக்கறிஞராக இருக்கலாம். ஒரே ஓர் எழுத்து ஒரு மனிதரின் தொழிலையே மாற்றிவிடுகிறது! ஆங்கில இலக்கணத்தில் காமன் நவுன், ப்ராப்பர் நவுன் என்று படிக்கிறோமே, அதற்கு இதைவிட நல்ல உதாரணம் லண்டனில்கூடக் கிடைக்காது.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சின்ன எழுத்து அர்த்தமும் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. 1881இல் கோலாலம்பூரை முதலில் தீ தின்றது. அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. மரமும் அத்தாப்பும் கொண்டு கட்டிய வீடுகள் நிற்குமா? அடுத்த ஆண்டு சிலாங்கூர் ரெசிடெண்டாக வந்த ஃபிராங்க் ஸ்வெட்டன்ஹாம், இனிச் செங்கல்லும் ஓடும்தான் என்று பிடிவாதமாக நின்றார். அந்தச் செங்கல்லை அறுத்துச் சுட்ட இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். சூளை அணைந்தது; பெயர் மட்டும் பெரிய எழுத்துப் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது!

தலைநகரின் கதை இன்னும் ருசியானது. மலாயில் 'குவாலா' என்றால் ஆறு ஒன்று கடலிலோ இன்னோர் ஆற்றிலோ சேரும் இடம். 'லும்பூர்' என்றால் சேறு. இரண்டும் சாதாரணப் பொதுப்பெயர்கள். 1857இல் ஈயம் தேடி 87 சுரங்கத் தொழிலாளர்கள் வந்து இறங்கிய சேற்றுச் சங்கமம், இன்று கோலாலம்பூர்! மஸ்ஜித் ஜாமெக் அருகே நின்று பாருங்கள்: கொம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கைகோக்கும் அந்த இடம் இப்போதும் கண்முன்னே இருக்கிறது. ஆனால் வந்து சேரும் சிற்றாற்றின் பெயரைத்தான் குவாலாவுக்கு வைப்பார்கள், அப்படியானால் இது 'குவாலா கொம்பாக்' ஆகியிருக்க வேண்டாமா என்று சிலர் கேட்கிறார்கள். அந்த வாதம் இன்னும் முடியவில்லை.

பத்துமலையில் எத்தனை மலை என்று எண்ணிப் பார்த்ததுண்டா? பத்து அல்ல! மலாயில் 'பாத்து' என்றால் கல். அடிவாரத்து ஆற்றின் பெயரும் அதுவே. 272 படி ஏறி முருகனைப் பார்க்கிறோமே, அந்த மலையின் சிறப்புப்பெயருக்குள் கல் என்ற பொதுப்பெயர் கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. பெட்டாலிங்? ஒரு காட்டு மரம். செந்தூல்? பழம் தரும் மரம். பங்சார் மட்டும் எதிர்த்திசை: பங்கே, கிரிசார் என்ற ரப்பர் தோட்ட முதலாளிகளின் பெயர்களில் ஒன்றின் தலையையும் மற்றதன் வாலையும் ஒட்டியது என்பார்கள். நம் ஆட்கள் பால் மரம் வெட்டிய தோட்டம் அது!

இனிக் கிள்ளானுக்கு வாருங்கள். ஆங்கிலத்தில் வெறுமனே 'கிளாங்' என்றால் ஊர். முன்னால் ஒரு 'தி' போடுங்கள், அது ஆறாகிவிடும்! ஊர்ப்பெயருக்குப் பொதுவாக 'தி' வராது, ஆற்றுப்பெயருக்கு வரும். துறைமுகமோ 1901இல் போர்ட் ஸ்வெட்டன்ஹாமாகத் திறந்தது, 1972இல் போர்ட் கிளாங் ஆனது. செங்கல் கேட்ட அதே ஸ்வெட்டன்ஹாம்தான்! ஆளின் பெயர் போனது. 'போர்ட்' என்ற பொதுப்பெயர் அசையாமல் இருக்கிறது.

ஒரு சிறப்புப்பெயரைப் பன்மையாக்க முடியுமா? முடியும்! கிள்ளானின் தெங்கு கிளானா சாலையில் ஒரு லிட்டில் இந்தியா, பிரிக்பீல்ட்ஸில் ஒரு லிட்டில் இந்தியா. ஒரே பள்ளத்தாக்கில் இரண்டு லிட்டில் இந்தியாக்கள்!

மாமாக் கடையில் 'மைலோ ஐஸ்' கேட்கிறீர்களே, யாரைக் கேட்கிறீர்கள் தெரியுமா? பழங்கால கிரேக்க மல்லன் ஒருவனை! குரோட்டன் ஊர் மைலோவின் பெயரை 1934இல் ஆஸ்திரேலியாவில் ஒரு பானத்துக்குச் சூட்டினார்கள். மேகி கோரேங்கில் இருப்பவர் சுவிட்சர்லாந்துக்காரர் ஜூலியஸ் மேகி. ஆள் பெயர், வணிகப் பெயராகி, இப்போது வெறும் சாப்பாட்டுப் பெயர் போலப் புழங்குகிறது. அதே கடையில் அண்ணாச்சியை "அங்கிள், தே தாரிக் ஒன்னு" என்று கூப்பிட்டால், ஆங்கிலத்தில் அந்த அங்கிளுக்குப் பெரிய எழுத்து. "அவர் எங்க அங்கிள்" என்றால் சின்ன எழுத்து. பெயராக நின்றால் பெரிது, உறவாக நின்றால் சிறிது. இந்த ஒன்றைப் பிடித்துவிட்ட பிள்ளைக்குப் பாதிப் பாடம் முடிந்தது.

ஜெர்மன் மொழியில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பெரிய எழுத்துதான், வாழைப்பழத்துக்கும் கூட! டேனிஷ் மொழி 1948 வரை அப்படித்தான் எழுதியது. தமிழிலும் ஜாவியிலும் பெரிய எழுத்து என்ற பேச்சே கிடையாது.

இதில் நம் பிள்ளைகள் இடறும் ஒரு கல் இருக்கிறது. நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. அங்கே மலாய்ப் பாடத்தில் 'காத்தா நாமா ஆம்', 'காத்தா நாமா காஸ்', ஆங்கிலத்தில் காமன், ப்ராப்பர், தமிழில் பொது, சிறப்பு என்று ஒரே பிள்ளை மூன்று இலக்கணம் சுமக்கிறது. முதல் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். மூன்றாவது? நன்னூல் கணக்கில் மரம் பொதுப்பெயர், பனை சிறப்புப்பெயர். ஆங்கிலத்திலோ பனையும் காமன் நவுன்தான், சின்ன எழுத்துதான்! நன்னூலை எழுதிய பவணந்தியார் பிரித்தது பேரினத்தையும் அதற்குள் அடங்கும் ஒரு வகையையும். ஆங்கிலம் பிரிப்பது வகையையும் தனி ஒன்றையும். ப்ராப்பர் நவுனுக்கு நெருங்கிய தமிழ்ச் சொல் வேண்டுமென்றால், தொல்காப்பியத்திலேயே 'இயற்பெயர்' இருக்கிறது.

ஆசிரியர்களே, பெற்றோரே, பனையைப் பெரிய எழுத்தில் எழுதி வரும் பிள்ளையை அதட்டாதீர்கள். அது தமிழ்ப் பாடத்தை ஒழுங்காகப் படித்திருக்கிறது. இரண்டு கணக்கும் வேறு வேறு என்று ஒரு தடவை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுங்கள்.