நூறு சதவிகித போனஸ்: ஒரு வங்கிக்காரனின் கணக்கு

கிரிக்கெட் பருவம் தொடங்கிவிட்டால் நம் வீட்டுப் பிள்ளைகளின் கைப்பேசிகளில் ஒரு தனி மழை பெய்ய ஆரம்பிக்கிறது. "முதல் டெபாசிட்டுக்கு 100 சதவிகித போனஸ்", "500 ரூபாய்க்கு இலவசப் பந்தயம்", "தோற்றாலும் பணம் வாபஸ்" என்று வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் வந்து விழும் இந்த அழைப்புகளை நம்பலாமா என்று சங்க அன்பர்கள் பலர் என்னைக் கேட்கிறார்கள். முப்பத்திரண்டு ஆண்டுகள் வங்கியில் பற்று வரவு பார்த்தவன் என்பதால் என்னிடம் வருகிறார்கள் போலும். கிரிக்கெட்டைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. கணக்கைப் பற்றிச் சொல்ல முடியும்.

மும்பைவாசிகளான நமக்குச் சூதாட்டம் புதிதல்ல. மட்காவின் ஊர் இது. ஆனால் மட்காக்காரன் யாரையும் வீடு தேடி வந்து, "நீ பத்து போடு, நான் பத்து தருகிறேன்" என்று அழைத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. இந்தத் தாராள மனசு புதுச் சரக்கு.

சென்ற மாதம் தாராவியிலிருந்து வரும் நண்பர் ஒருவர், தம் மகனுக்கு வந்த அழைப்பைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு சங்க நூலகத்துக்கு வந்தார். "அண்ணாச்சி, பத்தாயிரம் கட்டுனா பத்தாயிரம் சும்மா தாரானாம்ல. இதுல என்ன சூது இருக்கு, பார்த்துச் சொல்லுங்க" என்றார். பையனின் கைப்பேசியை வாங்கிவரச் சொல்லி, அடியில் எறும்பு எழுத்தில் இருந்த நிபந்தனைகளைப் படித்தேன். கட்டிய தொகை, போனஸ் இரண்டையும் கூட்டி, அதன் 10 மடங்குக்கு 7 நாட்களுக்குள் பந்தயம் கட்டியாக வேண்டும். அதுவரை ஒரு பைசாவும் எடுக்க முடியாது.

கூட்டிப் பாருங்கள். பத்தும் பத்தும் இருபதாயிரம். அதன் 10 மடங்கு 2 லட்சம். ஏழு நாளில் முடிக்க வேண்டுமென்றால் நாளொன்றுக்கு 28,000 ரூபாய்க்கு மேல். மாதம் இருபதாயிரம் சம்பளம் வாங்கும் பையன்!

இனி பந்தய விகிதத்துக்கு வருவோம். இரு அணிகளும் சமபலம் என்றால் நியாயமாக நூறு ரூபாய்க்கு இருநூறு திரும்ப வர வேண்டும். ஆனால் இவர்கள் தருவது பெரும்பாலும் 1.90, அதாவது 190 ரூபாய். ஒருவர் இந்த அணியின் மீதும் இன்னொருவர் அந்த அணியின் மீதும் ஆளுக்கு நூறு கட்டினால் உள்ளே போவது 200, வெளியே வருவது 190. யார் ஜெயித்தாலும் நூற்றுக்கு ஐந்து கடைக்காரனுக்கு. 2 லட்சத்துக்கு நூற்றுக்கு ஐந்து எவ்வளவு? பத்தாயிரம். அவன் கொடுத்த போனஸ் சராசரியாக அப்படியே அவன் பெட்டிக்குத் திரும்பிவிடுகிறது. அதற்குள் நாலு பந்தயம் வரிசையாகத் தோற்றால் நம்முடைய பத்தாயிரமும் கூடவே போகும்.

இலவசப் பந்தயமும் இதே ஜாதிதான். 500 ரூபாய் இலவசப் பந்தயத்தில் ஜெயித்தால் லாபம் 450 மட்டும் கைக்கு வரும், பந்தயத் தொகை வராது. ஜெயிக்க வாய்ப்பு பாதிதான் என்பதால் அந்த 500-ன் உண்மை மதிப்பு சுமார் 225. "வாபஸ்" என்பதும் பெரும்பாலும் ரொக்கமாக வருவதில்லை. மறுபடி பந்தயம் கட்டத்தான் உதவும்.

இதெல்லாம் சட்டப்படி கடை நடத்தும் நாடுகளிலும் உண்டு. அங்கே கேட்க ஆள் இருக்கிறது, அவ்வளவே. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 2023 ஜனவரியில் விளையாட்டுப் பந்தயம் சட்டபூர்வமாயிற்று. "இலவசம்", "நஷ்டமில்லை" என்று விளம்பரம் செய்த நிறுவனங்களுக்கு உடனேயே அபராதம் விழுந்தது. பிரிட்டனில் 2026 ஜனவரி முதல் போனஸ் தொகையின் 10 மடங்குக்கு மேல் பந்தயம் கட்டச் சொல்லக் கூடாது. நம் பையனிடம் கேட்டது போனஸில் 20 மடங்கு.

நம் நாட்டு நிலைமை வேறு. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், 30-ஆவது பிரிவு, பந்தய ஒப்பந்தம் செல்லாது என்கிறது. ஜெயித்த பணத்தைத் தரவில்லை என்று எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்தின்படி, பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டத்தை நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறையும் 1 கோடி ரூபாய் வரை அபராதமும். விளம்பரம் செய்வோருக்கு 2 ஆண்டு, 50 லட்சம் வரை. ஆடுபவருக்குத் தண்டனை வைக்கவில்லை. பேர் பெற்ற கம்பெனிகள் பல பணப் போட்டிகளை அப்போதே நிறுத்திவிட்டன. ஆகவே இன்றைக்கு நம் பிள்ளைக்கு போனஸ் தருகிறேன் என்று வருபவன், விளம்பரம் செய்த கணத்திலேயே சட்டத்தை மீறியவன். திரையின் அடியில் கியூரசாவ் தீவின் லைசென்ஸ் முத்திரை மின்னலாம். கரீபியன் கடலில் உள்ள அந்தத் தீவு இந்தியாவில் கடை போட அனுமதி தர முடியாது.

வங்கிக்காரன் கண்ணுக்கு முதலில் படுவது வேறொன்று. பணம் எங்கே போகிறது? நண்பரின் மகனுக்கு வந்த கியூ.ஆர். படத்தைப் பார்த்தேன். கம்பெனிப் பெயர் இல்லை. ஏதோ ஒரு தனிமனிதரின் சேமிப்புக் கணக்கு. இரண்டு நாள் கழித்து வந்த படத்தில் வேறொரு பெயர். முறையான வியாபாரி எவனும் தினம் ஒரு ஆள் பெயரில் பணம் வாங்கமாட்டான். இதைப் பார்த்த பிறகு விகிதம், மடங்கு எதையும் கணக்குப் போட வேண்டியதில்லை. "முதலில் 300 ரூபாய் எடுத்துப் பார்த்தேன், உடனே வந்தது" என்று சிலர் சொல்கிறார்கள். அது தூண்டில் புழு. பெரிய தொகை கேட்கும்போதுதான் "வரி கட்டு, சரிபார்ப்புக் கட்டணம் கட்டு" என்ற பல்லவி தொடங்கும்.

அந்தப் பெயர்கள் யாருடையவை? பெரும்பாலும் நம்மைப் போன்றவர்களுடையவைதான். துபாயிலிருந்து நடத்தப்பட்டதாக அமலாக்கத் துறை சொல்லும் மகாதேவ் செயலி வழக்கில், பிறர் பெயரிலான கணக்குகள் வழியாகப் பணம் ஓடியதாகக் குற்றச்சாட்டு. 2023 நவம்பரில் மத்திய அரசு அதையும் சேர்த்து 22 செயலிகளையும் தளங்களையும் முடக்கியது. செயலி முடங்கினால் இன்னொரு பெயரில் வரும். வங்கிக் கணக்கு முடங்கினால் அதன் சொந்தக்காரருக்குச் சம்பளமும் வராது, வாடகையும் கொடுக்க முடியாது. காவல் நிலையத்துக்கும் வங்கிக்கும் அலைய வேண்டும்.

நண்பரிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, அதுவரை பேசாமல் நின்ற பையன், "மாமா, போனஸ் குடுத்த ஆளு என் அக்கவுண்டையும் மாச வாடகைக்குக் கேட்டாரு. ஆதார் காப்பியும் கேன்சல் பண்ணின செக்கும் அனுப்பிட்டேன்" என்றான். நண்பர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

பணம் போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே சொல்ல வேண்டும்; பரிவர்த்தனை எண்ணைக் கையில் வைத்துக்கொள்வது அவசியம். முதல் சில மணி நேரத்துக்குள் சொன்னால் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்புண்டு. இங்கே நல்லவேளையாகப் பணம் போகவில்லை, காகிதம்தான் போயிருந்தது. திங்கட்கிழமை காலை மூவரும் வங்கிக் கிளைக்குப் போய், நடந்ததை எழுதிக் கொடுத்து, முத்திரையிட்ட நகல் வாங்கிக்கொண்டோம். ஆதாரின் கைரேகையைப் பூட்டிவைத்தோம். சம்பளத்துக்கு வேறொரு வங்கியில் புதுக் கணக்குக்கு விண்ணப்பித்திருக்கிறான். பாஸ்புக் இன்னும் வரவில்லை.