பிரேக்கில் காற்று: சாமான் ஏற்றுமுன் கவனிக்க வேண்டியவை

2009ஆம் ஆண்டு ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்ட பின்னர், கிண்ணியா, மூதூர் வியாபாரிகளின் வேன்களும் சிறிய லொறிகளும் பாதைப் படகுக்குக் காத்திராமல் திருகோணமலைக்கு வந்து போகின்றன. மீனோ அரிசியோ, வாகனம் ஓடினால்தான் வியாபாரம் ஓடும். இதனாலேயே பிரேக்கில் பாகம் மாற்றிய கையோடு சாமான் ஏற்றும் அவசரம் எமது சகோதரர்கள் பலரிடம் இருக்கிறது. அந்த அவசரத்தில் விடுபடுவது, குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றும் வேலையாகும். கராஜ்களில் இதனை 'எயார் எடுப்பது' என்பர்.

பெடலை மிதிக்கும்போது பிரேக் ஒயில்தான் அந்த அழுத்தத்தைச் சில்லுகளுக்குக் கொண்டு செல்கிறது. ஒயில் சுருங்காது, காற்று சுருங்கும். குழாயில் காற்று இருந்தால் மிதியின் பலம் அதனைச் சுருக்குவதிலேயே போய்விடும். பெடல் பஞ்சுபோல் அமிழும், வாகனம் நிற்காது.

மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், கலிப்பர், ஹோஸ் ஆகியவற்றில் ஒன்றைக் கழற்றினால் காற்று எடுத்தே ஆக வேண்டும். பேட் அல்லது லைனர் மட்டும் மாற்றி, ஒயில் குழாயைத் திறக்காவிட்டால் பொதுவாக அது தேவையில்லை. பெடல் இறுகும்வரை சில தடவை மிதித்தால் போதும். இதனை அறிந்திருந்தால் வீண் செலவும் மிச்சமாகும்.

வீட்டு முற்றத்தில் இருவர் சேர்ந்து இதனைச் செய்யலாம். வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுக்க வேண்டாம். எஞ்சினை நிறுத்தி, ஒயில் தாங்கியை நிரப்புங்கள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சில்லிலிருந்து தொடங்குவதே வழமை. எமது நாட்டு வாகனங்களில் அது பெரும்பாலும் பின் இடதாகும். அடுத்து பின் வலது, முன் இடது, முன் வலது. கைநூல் வேறு ஒழுங்கைச் சொன்னால் அதையே பின்பற்றுங்கள்.

நிப்பிளில் தெளிவான குழாயொன்றை மாட்டி, மறுமுனையைச் சிறிது புதிய ஒயில் உள்ள போத்தலில் அமிழ்த்துங்கள். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, மற்றவர் நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். ஒயிலுடன் குமிழிகள் வரும். நிப்பிளை மூடிய பின்னரே காலை எடுக்க வேண்டும். முந்தி எடுத்தால் காற்று மீண்டும் உள்ளே போகும். குமிழி நிற்கும்வரை இவ்வாறே செய்யுங்கள். இடையிடையே தாங்கியைப் பாருங்கள். அது வற்றினால் முழு வேலையும் மீண்டும் முதலிலிருந்துதான். பழைய வாகனமாயின் பெடலின் கீழ் ஒரு பலகைத் துண்டு வையுங்கள். அடிவரை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டரின் றப்பர் பழுதாகலாம்.

கரையோரத்தில் உப்புக் காற்றினால் நிப்பிள் துருப்பிடித்து இறுகியிருக்கும். பலவந்தமாகத் திருகினால் முறியும். முதல் நாளிரவே துரு இளக்கும் எண்ணெய் இட்டு வையுங்கள்.

பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டொட் 4 ஒயில் கொதிக்க 230 பாகை செல்சியஸாவது வேண்டும், 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த அளவு 155 பாகைக்கு இறங்கலாம். திருகோணமலையிலிருந்து ஹபரணைவரை சமதரையில் தெரியாத குறை, நுவரெலியாவில் மரக்கறி ஏற்றி ரம்பொடை இறக்கத்தில் வரும்போது தெரியவரும். சூட்டில் ஒயில் கொதித்து ஆவியானால் பெடல் அடிவரை போகும். ஆகவே நெடுநாள் திறந்து கிடந்த டின்னையும், போத்தலில் வடிந்த ஒயிலையும் பாவிக்க வேண்டாம். எஞ்சின் ஒயிலை ஒருபோதும் ஊற்ற வேண்டாம். றப்பர் ஊதிக் கெடும்.

ஹைபிரிட் வாகனங்களையும், ஏபிஎஸ் பாகம் கழற்றப்பட்ட வாகனங்களையும் கருவி உள்ள கராஜுக்கே கொண்டு செல்லுங்கள். பெரிய லொறிகளின் காற்று பிரேக்குக்கு இம்முறை பொருந்தாது.

வேலை முடிந்ததும் எஞ்சினை இயக்கி, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். மெல்ல மெல்ல இறங்கினால் ஒழுக்கு உண்டு, அல்லது மாஸ்டர் சிலிண்டர் பழுது. இறுக்கமாக நின்றால் வெறும் வாகனத்தை ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, பலமுறை நிறுத்திப் பாருங்கள். அதன் பின்னரே சாமான் ஏற்றுங்கள்.

மீன் ஐஸில் கிடக்கிறதே என்று மனம் பதறும். அன்றைக்கு வாடகை வாகனம் பிடித்தால் நட்டம் சில ஆயிரம்தான். சாரதியின் உயிரும் பாதையில் போவோரின் உயிரும் எம்மிடமுள்ள அமானிதம். அதற்கு எந்த இலாபமும் ஈடாகாது.